மூன்றாவது கணவாய்க்கு அப்பால் எல்லோருக்கும் புரிந்தது

பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் யனாமயோ என்று ஓர் ஊர் இருந்தது. அதற்கு மேலே மூன்றாவது கணவாயைத் தாண்டிவிட்டால், யார் எந்த மொழியில் பேசினாலும் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் சமையல்காரி தியோதோரா. அது ஒரு செவ்வாய்க்கிழமை, உருளைக்கிழங்கு தோண்டும் மாதம். சுயுமார்கா என்னும் இன்கா காலத்துக் கற்கோட்டையைப் பார்ப்பதற்காக மலையேறி வந்திருந்த இரண்டு டச்சுக்காரர்கள் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து, இந்த சூப் காலுறை அலசிய தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று தங்களுக்குள் தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டதை, தன் தாய்மொழியான கெச்சுவாவைத் தவிர வேறு எதுவும் தெரியாத அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுவிட்டு, "நாளைக்கு உங்க காலுறையையும் குடுங்க, இன்னும் ருசியா வரும்" என்றாள். அவர்கள் அதைக் கேட்டு, முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தார்கள். பாத்திரம் கழுவும்போதுதான், என்ன நடந்தது என்று தியோதோரா யோசித்துப் பார்த்தாள்.

ஏன் அப்படி ஆனது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மலை தன் இஷ்டத்துக்கு மழையைத் தருகிறது, பாறையை உருட்டிவிடுகிறது, இப்போது இதைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் பெரிய யோசனையாக இருந்தது. ஊர்க்கூட்டம் மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி, கணவாயின் உச்சியில் "இங்கிருந்து பார்த்துப் பேசவும்" என்று ஒரு பலகை நட்டது. ஒன்பது வருஷமாக ஒரு சண்டையும் இல்லாமல் ஒரே வீட்டில் வாழ்ந்த கெச்சுவா மாமியாரும், கடற்கரை ஊரிலிருந்து வந்த ஸ்பானிஷ் மருமகளும் சேர்ந்து மேலே போய், ஒருவரை ஒருவர் முதன்முறையாகப் புரிந்துகொண்டு, கீழே வந்து ஒரு மாதம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். பிறகு இருவருக்குமே அந்தப் பேச்சில்லாமல் இருக்க முடியாமல் போய், கம்பளியும் அவித்த சோளமும் கட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை கணவாய்க்கு அப்பால் போய் ஆசைதீரச் சண்டை போட்டுவிட்டு வந்தார்கள். மலையேறும் கூட்டங்களுக்குச் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டும் கிழவன் இலாரியோ, முப்பது வருஷமாகத் தன்னோடு நடக்கும் கழுதைகள் என்ன சொல்லும் என்று ஆவலோடு காது கொடுத்துப் பார்த்தான். அவை ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

தேவாலயத்து உபதேசியார் மட்டும் மேலே போகாமல் இருந்திருக்கலாம். ஊரில் யார் செத்தாலும் குழிமேட்டில் சொல்வதற்கு ஒரு லத்தீன் ஜெபம் இருந்தது. நான்கு தலைமுறையாக வாய்வழியே வந்து, ஓரமெல்லாம் தேய்ந்து, அர்த்தம் யாருக்கும் தெரியாமல் இருந்த அதை அவர் கணவாய்க்கு அப்பால் நின்று சொல்லிப் பார்த்தார். அது, கூட்டை விட்டுப் பறந்துபோகாமல் தேனீக்களைத் தங்கவைக்கும் ஆசீர்வாதம் என்று கூட நின்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஊர் அதைப் பற்றியும் பேசியது. இத்தனை பேரை இதைச் சொல்லித்தானே அனுப்பிவைத்தோம், இனிமேல் போகிறவர்களுக்கு மட்டும் ஏன் வேறு ஒன்று என்று முடிவாகி, அதே ஜெபம் தொடர்ந்தது.

வழிகாட்டி சத்துர்நீனோவுக்குத்தான் இந்த அதிசயம் நிம்மதியைக் கெடுத்தது. இருபத்திரண்டு வருஷமாக வெளிநாட்டுக்காரர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போகிறவன் அவன். இளவரசி தலைவாரிய கல் என்றும் சூரியன் இறங்கி இளைப்பாறிய மேடை என்றும் அவன் ஆங்கிலத்தில் சொல்லி வந்ததையெல்லாம் முதன்முறையாகக் கேட்ட இலாரியோ, "அந்தக் கல்லுல நம்ம ஆளுங்க சாணிதானே காயவைப்பாங்க" என்றபோது கூட்டம் முழுவதும் சிரித்தது. அந்த வெட்கம் இரண்டு நாளில் தீர்ந்தது. தீராமல் இருந்தது வேறு.

அதிசயம் வருவதற்கு நான்கு வருஷம் முன்னால், இந்தியாவில் கோவில்பட்டி என்ற ஊரிலிருந்து பொன்னுரங்கம் என்று ஒருவர் வந்திருந்தார். அரசாங்கத்தில் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கல்லுக்கு நடுவே கத்தி முனைகூட நுழையாது என்று படித்த சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டுமே வந்தவர். கோட்டையை அடைந்த மறுநாள் காலை அவருக்கு மூச்சு முட்டியது. உயரம் அவர் நுரையீரலில் தண்ணீரை இறக்கிவிட்டது. கொண்டுபோயிருந்த ஆக்சிஜன் உருளை தீர்ந்தது. கழுதை மேல் ஏற்றி உட்காரவைத்தபோதெல்லாம் சரிந்து விழுந்தார். கணவாயைத் திரும்பத் தாண்டினால் ஒரு சிற்றூரில் சுகாதார நிலையம் இருந்தது. அங்கே போய் இன்னொரு உருளை கொண்டுவரலாம் என்று, தியோதோராவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு சத்துர்நீனோ கிளம்பினான். அப்போது அவர் அவன் கையைப் பிடித்து, அவரது சொந்த மொழியில் எதையோ சொன்னார். அவனுக்கு அது புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினான். பொழுது சாய்கிற நேரத்துக்கு உருளையோடு திரும்பியபோது, அவர் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்தச் சொற்களின் ஓசை அவன் காதைவிட்டுப் போகவில்லை. அர்த்தம் தெரியாமலே அதை மனப்பாடம் செய்தான். ஒவ்வொரு முறை அந்த இடத்தைக் கடக்கும்போதும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது அவன் வாய்க்குத் தகுந்தபடி மாறி, அவனுடைய மொழியில் மேகத்துக்கும் பாறைக்கும் உள்ள சொற்களின் ஜாடை அதில் ஏறிவிட்டது. அர்த்தம் என்னவாக இருக்கும் என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் இல்லை: என்னை விட்டுட்டுப் போகாதே. சாகக் கிடக்கிற ஒருவன், கையைப் பிடித்துக்கொண்டு, வேறு என்ன சொல்வான்? அதனால்தான் அவரது குடும்பத்துக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தபோது, பள்ளிக்கூடத்து ஆசிரியரை உட்காரவைத்து, "குணவதி, இந்த மலைகள் அழகானவை, உன்னை நினைத்துக்கொண்டே போகிறேன் என்று உங்கள் கணவர் கடைசியாகச் சொன்னார்" என்று எழுதச் சொன்னான். மனைவியின் பெயரை அவர் பையிலிருந்த காகிதத்தில் பார்த்திருந்தான். அதிசயம் வந்தபின், ஒரே ஒரு தடவை கணவாய்க்கு அப்பால் அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொன்னால் போதும், உண்மை தெரிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அதனாலேயே அங்கே போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். மூன்று வருஷம் அப்படியே நடந்தான்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் குணவதி வந்தாள்.

அறுபது வயது, தலையில் மங்கி கேப், வாழ்க்கையில் முதன்முறையாகப் போட்ட சுடிதார், அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர். மகள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும், முழங்கால் வலியோடு, தனியாக வந்திருந்தாள். கைப்பையில் அந்தக் கடிதம் இருந்தது. இலாரியோவின் சாதுவான கழுதையில் அவளை ஏற்றினார்கள்; சமையலுக்கு தியோதோராவும் கூட நடந்தாள். குணவதிக்கும் சத்துர்நீனோவுக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலம்தான். மீதியை அவள் தமிழிலும் அவன் ஸ்பானிஷிலும் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவள் "தம்பி" என்றாள். ஸ்பானிஷில் அது "இதுவும்கூட" என்பது போல ஒலித்ததால், தண்ணீர் தம்பி, குளிர் தம்பி என்று இந்த அம்மா எதற்கு எல்லாவற்றோடும் இதுவும்கூட என்று சேர்க்கிறாள் என்று அவன் குழம்பினான். அவன் ஸ்பானிஷில் ஆமாம் என்பதற்கு "சி, சி" என்று சொன்னபோதெல்லாம், எதைக் கேட்டாலும் இந்த ஆள் சீ என்கிறானே என்று அவள் முகம் சுண்டியது. உயரத்துக்குப் பழகுவதற்கு இலாரியோ கொடுத்த கோக்கா இலையை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, வெற்றிலைபோல மடித்துக்கொண்டு, சுண்ணாம்புக்கு விரலை நீட்டினாள். அவர்கள் அந்த இலையோடு சேர்த்து மெல்லும் சாம்பல் கட்டியை இலாரியோ அந்த விரலில் தேய்த்துவிட்டான்.

இரண்டாம் நாள் மாலை, முகாமில், அவள் கடிதத்தை எடுத்து விரித்து அவன் முன்னால் வைத்தாள். "இதை அவர் எந்த பாஷையில சொன்னாரு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இங்கிலீஷ்" என்றான் சத்துர்நீனோ.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். காய்ச்சல் வந்தால் அவருக்குத் தமிழைத் தவிர ஒன்றும் வாயில் வராது என்றாள்.

அவன் நெருப்பில் ஒரு விறகைத் தள்ளினான். பிறகு, இவளுடைய மொழிதானே அது, இவளிடமே சொல்லி முடித்துவிடலாம் என்று, ஏழு வருஷமாகச் சுமந்த ஓசையை மெதுவாகச் சொன்னான். குணவதி முன்னால் குனிந்து கேட்டாள். இன்னொரு தரம் என்று கையைக் காட்டினாள். மூன்று தரம் சொன்னான். அவள் கண்ணை மூடி, உதட்டை அசைத்துப் பார்த்து, பிறகு கையை விரித்தாள். அவன் வாய்க்குள் கிடந்து தேய்ந்த அந்தச் சொற்களில் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இனி மூன்றாவது கணவாய்தான் என்று இலாரியோ சொன்னான். அங்கே நடப்பதை ஊரிலேயே கேட்டிருந்த குணவதிக்கு அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

மறுநாள் நண்பகலில் கணவாயைத் தாண்டினார்கள். பத்தடி இறங்கியதும் குணவதி, "இந்தக் கழுதைக்குக் கொஞ்சம் தண்ணி காட்டுங்க தம்பி, மூச்சு வாங்குது பாருங்க" என்றாள். சத்துர்நீனோ நின்றுவிட்டான். மூன்று நாளாக அவள் தன்னைத் தன் வீட்டில் பின்னால் பிறந்த ஒருவனாகக் கூப்பிட்டு வந்திருக்கிறாள் என்று புரிந்தது. புரிந்ததும், பொய்யாக எழுதவைத்த கடிதம் இன்னும் கனத்தது.

"சரிம்மா" என்றான். வழக்கமான அந்த 'சி'தான் இப்போது 'சரி'யாகக் கேட்டதால் அவளும் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தனை நாளும் நீங்க என்னைத் திட்டுறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

கோட்டைச் சுவர் மேகத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டபோது பிற்பகல் ஆகியிருந்தது. சுவருக்குக் கீழே, புல் வெளுத்த சமதரையில், அன்று கூடாரம் போட்டிருந்த இடத்தை அவன் காட்டினான். குணவதி இறங்கி, செருப்புக்காலோடு அங்கே நிற்க மனமில்லாமல் ஷூவைக் கழற்றி, குளிர்ந்த தரையில் உட்கார்ந்தாள். தியோதோரா சற்றுத் தள்ளி அடுப்புக்குக் கல் கூட்டினாள். இலாரியோ கழுதைகளின் கட்டை அவிழ்த்துவிட்டு வந்து நின்றான்.

"சொல்லுங்க தம்பி" என்றாள்.

"அம்மா, அது நல்ல வார்த்தையா இருக்காது. என்னை விட்டுட்டுப் போகாதேன்னுதான் சொல்லியிருப்பாரு. நான் விட்டுட்டுத்தான் போனேன்."

"எதுவா இருந்தாலும் அவரு வார்த்தை. சொல்லுங்க."

அவன் சொன்னான். மேகமும் பாறையும் கலந்த அதே தேய்ந்த ஓசைதான் அவன் வாயிலிருந்து வந்தது. ஆனால் அது காற்றில் போய் நின்றதும், அங்கிருந்த நான்கு பேருக்கும், கூட்டிலிருந்து குஞ்சு எட்டிப்பார்ப்பதுபோல அதன் அர்த்தம் வெளியே வந்தது: மெதுவாவே போயிட்டு வாங்க தம்பி. நான் எங்க போகப் போறேன்.

சத்துர்நீனோ நின்ற இடத்திலேயே குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதை இலாரியோ பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பினான். ஆனால் குணவதி சிரித்தாள். "அவரேதான். நான் கடைக்குக் கிளம்புறப்பெல்லாம் ஈசிசேர்ல சாஞ்சுக்கிட்டு இதையேதான் சொல்வாரு. மெதுவாவே போயிட்டு வா, நான் எங்க போகப் போறேன்." சிரித்துக்கொண்டே இருந்தவளின் முகம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "அது உங்களுக்குச் சொன்னது" என்றாள். "எனக்குன்னு ஒண்ணும் சொல்லலையா?"

இந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்லலாம். அவன் நாக்கு நுனிவரை அது வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இளவரசியையும் சூரியனையும் கல்லில் உட்காரவைத்த நாக்கு அது.

"இல்லம்மா" என்றான். "எங்கிட்ட வேற ஒண்ணும் சொல்லல. கடுதாசியில எழுதுனது நான் கட்டுனது."

"அது எனக்கு வந்த அன்னைக்கே தெரியும்" என்றாள் குணவதி. "குணவதின்னு பேரைச் சொல்லி ஆரம்பிச்சிருந்தீங்க. முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவாரு. ஆனா அவுக அம்மா இருந்தாங்க பாருங்க, எங்க மாமியாரு, அவங்களுக்கு நான் அதைத் தமிழ்ல படிச்சுக் காட்டுவேன். திவசத்துக்குத் திவசம் படிக்கச் சொல்லிக் கேப்பாங்க. எம்மவன் அழகான எடத்துலதான் போயிருக்கான்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டே போய்ச் சேந்தாங்க. அதனால அந்தக் கடுதாசியை நீங்க எழுதுனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது அது இல்ல, அவ்வளவுதான்."

அடுப்புப் பக்கத்திலிருந்து தியோதோரா எழுந்து வந்தாள். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு இருந்தது.

"அம்மா, அவரு எப்படிக் கூப்பிடுவாருன்னு சொன்னீங்க? உங்களை?"

"இந்தான்னு."

"அதைச் சொன்னாரு" என்றாள் தியோதோரா. "இவர் போனதுக்கப்புறம், கண்ணை மூடிக்கிட்டே. நாலஞ்சு தடவை. எனக்குப் புரியல, தண்ணி கேக்குறாருன்னு நெனச்சு ஒவ்வொரு தடவையும் தண்ணி குடுத்தேன். குடிச்சாரு. அதனால அதைப் பெரிசா யார்ட்டயும் சொல்லல." பிறகு அந்தச் சொல்லை, அவர் சொன்ன மாதிரியே, மூச்சோடு இழுத்துச் சொல்லிக் காட்டினாள்.

மூன்றாவது கணவாய்க்கு அப்பால் எல்லாச் சொல்லும் எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிந்துவந்த அந்த மூன்று வருஷத்தில், அந்த ஒரு சொல் மட்டும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்தது. இதைப் பிடி என்று யாரோ எதையோ நீட்டுவதாக இலாரியோவுக்குக் கேட்டது. இங்கே பார் என்பதாக சத்துர்நீனோவுக்குக் கேட்டது. தியோதோராவுக்கு, அடுத்த அறையில் வேலையாக இருக்கும் ஒருத்தியை, அவள் வருவாள் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் கூப்பிடுவதாகக் கேட்டது.

குணவதி கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. "தண்ணிதான் கேட்டிருப்பாரு" என்றாள் கடைசியில். "தண்ணி வேணும்னாலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு. குடுத்தீங்கள்ல?"

"ஒவ்வொரு தடவையும் குடுத்தேன்."

"போதும்மா" என்று அவள் தியோதோராவின் கையை, உருளைக்கிழங்கோடு சேர்த்தே, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுவதும் அவர்கள் பேசினார்கள். பொன்னுரங்கம் ஒரு இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டு சுவரின் கல்லையெல்லாம் அளந்ததையும், கூட வந்த ஜெர்மன்காரர் ஒரு அளவைத் தப்பு என்று சொல்லப் போக, அரை நாள் அவரோடு பேசாமல் இருந்ததையும், உப்புப் போதவில்லை என்று ஒவ்வொரு வேளையும் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வழித்துக் குடித்ததையும், ஆனால் மூச்சு வாங்குவதை மட்டும் முதல் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் மறைத்ததையும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துச் சொல்ல, குணவதி, "ஆமா, பண்ணுவாரு", "அதையும் பண்ணுவாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மறைத்ததைக் கேட்டபோது கோபம் வந்தது. அங்கே இல்லாத ஒருவரை, மூன்று பேர் முன்னிலையில், அரைமணி நேரம் சத்தமாகத் திட்டினாள். அவர்களுக்கு ஒவ்வொரு வசவும் புரிந்தது. அவள் திட்டி முடிக்கும்வரை தலைகுனிந்து கேட்டார்கள்.

திரும்பும் நாள், கணவாய் உச்சிக்கு நூறு அடி இருக்கும்போது, சத்துர்நீனோ கழுதையின் கயிற்றைப் பிடித்து நிறுத்தினான். தியோதோராவையும் இலாரியோவையும் முன்னால் போகச் சொன்னான்.

"அம்மா, அங்கிட்டுப் போனா என்னால சொல்ல முடியாது. இங்கயே சொல்லிடுறேன்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு உருளையைத் தூக்கிக்கிட்டு வர்றப்ப, அந்தப் பக்கத்து ஏத்தத்தை ஏறி இங்க இறங்குனதும், என்னால முடியல. கால் இழுத்துக்கிச்சு. அந்தப் பாறைகிட்ட உக்காந்தேன். கொஞ்ச நேரம்னுதான் உக்காந்தேன். கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா நிழல் நீண்டு போயிருந்துச்சு. ஊர்ல யாருக்கும் தெரியாது. எம்பொண்டாட்டிக்கும் தெரியாது. ஓடுனேன் ஓடுனேன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்."

அவன் கயிற்றை விடாமல் நின்றான். குணவதி அவன் காட்டிய பாறையைப் பார்த்தாள். ஒரு ஆள் முதுகைச் சாய்த்து உட்காரும் அளவுக்கு அதில் ஒரு குழிவு இருந்தது. காற்று அவள் மங்கி கேப்பின் நாடாவை அடித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ மேலே ஏறிவந்த மேகம் பாறையை மூடி, பிறகு விலகியது.

"அவருதான் மெதுவாவே போயிட்டு வாங்கன்னு சொன்னாரே தம்பி" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கழுதையின் பிடரியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. நடங்க, அவங்க காத்திருப்பாங்க."